காகத்துக்கு வைத்த சோறு

தவராஜா நெஞ்சுவலியோடு ஓகூஸ் ஆஸ்பத்திரியில் கிடந்த காலத்தில் அவருக்குச் சனிதோசம் என்று யாரோ சாத்திரம் பார்த்துச் சொல்லப்போய், அன்றைக்கு அவர் மனைவி ராசமலர் பிடித்ததுதான் சனிக்கிழமை விரதம். குளித்து, மரக்கறி சமைத்து, சோற்றோடு பருப்பும் நல்லெண்ணெயும் விட்டுப் பிசைந்து, ஒரு காகிதத் தட்டில் போட்டுப் பின்வளவுப் புல்லில் கொண்டுபோய் வைப்பாள். காகம் ஒரு வாயாவது எடுத்த பிறகுதான் அவள் சாப்பிடலாம்.

அவர்கள் இருக்கிற டென்மார்க்கின் ஹேர்னிங் ஊரில் காகத்துக்குக் குறைவில்லை. ஆனால் இந்த ஊர்க் காகங்கள், சாம்பல் முதுகும் கறுத்த தலையுமாக, கூரை முகட்டில் இருந்து தலையைச் சரித்துச் சரித்துப் பார்க்குமே தவிர இறங்க மாட்டா. ஒருநாள் பின்னேரமாகியும் தட்டு வைத்தபடியே கிடந்தது. பசியில் ராசமலருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் வேலிச் செடிகளுக்குக் கீழால் ஒரு நரி வந்தது. வந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தட்டை வழித்துத் தின்றது.

"இஞ்சேருங்கோ, நரி திண்டிட்டுது. இனி நான் சாப்பிடலாமோ?"

தவராஜா யன்னலால் எட்டிப் பார்த்தார். "சனீஸ்வரன் வாகனத்தை மாத்திப்போட்டார் போல. நீ சாப்பிடு. இந்தக் குளிருக்க காகத்தில வர அவருக்கும் ஏலாதுதானே."

அவள் சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள். அடுத்த சனிக்கிழமையும் நரி வந்தது. அந்தப் பனிக்காலம் முழுக்க வந்தது. வசந்தம் வந்தபோது, அவள் கதவைத் திறக்கும்போதே அது புல்லின் ஓரத்தில் காத்திருந்தது. வாலைக் காலைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, கடையில் தன் முறைக்கு நிற்கிற ஆளைப் போல இருக்கும். அவள் குனிந்து தட்டை வைத்துவிட்டு இரண்டடி பின்னால் வந்தால் போதும், எழும்பி வரும். அவள் ஒருநாளும் அதைத் தொட்டதில்லை. ஆனால் சனிக்கிழமை காலையில் கத்தரிக்காய் வெட்டும்போதே அவளுக்கு அதன் நினைவு வந்துவிடும்.

இதை அவள் தெருவில் யாருக்கும் சொல்லவில்லை. முன்னொரு காலம் அந்தத் தெருவில் எலித்தொல்லை வந்தது. நகரசபை ஆள் வந்து கழிவுநீர்க் கான் மூடிகளைத் திறந்து பார்த்துவிட்டுப் போன பிறகு, சமைத்த சாப்பாட்டை வெளியே போடவேண்டாம் என்று வீட்டுக்காரர் சங்கம் எல்லோருக்கும் பொதுவாகத்தான் அறிவித்தது. முன்வீட்டு மனிதர் மட்டும் அவளைக் கண்ட இடத்தில், "முக்கியமாகச் சோறு" என்று சிரித்தபடி சொன்னார். அந்தத் தெருவில் சோறு சமைக்கிற வீடு ஒன்றுதான்.

நரி மெல்ல மெல்லத் தெருவுக்குப் பொதுவான விருந்தாளியாகிவிட்டது. யாரோ அதன் படத்தைச் சங்கத்தின் பேஸ்புக் பக்கத்தில் போட, இதயங்கள் குவிந்தன. வேறு யாரோ நாடாப்புழுவைப் பற்றியும் சொறிநோயைப் பற்றியும் எழுதினார்கள். மூலைவீட்டுக்காரரின் கோழிகள் இரண்டைக் காணவில்லை. பக்கத்து வீட்டு கியர்ஸ்டன், இளைப்பாறிய ஆசிரியை, "இந்த வீடுகள் வருவதற்கு முதலே அதன் பாட்டன் இங்கே இருந்திருப்பான்" என்று எழுதினாள். அதற்கு மூலைவீட்டுக்காரர், "அப்படியென்றால் வீட்டுவரியையும் அது கட்டட்டும்" என்று பதில் போட்டார்.

புரட்டாதியில் ஒரு புதன்கிழமை சங்கத்தின் ஆண்டுக்கூட்டம் நடந்தது. கோப்பியும் கேக்கும் வைத்திருந்தார்கள். ராசமலர் கியர்ஸ்டனுக்கும் தவராஜாவுக்கும் நடுவில் இருந்தாள். தலைவர் ஹென்றிக் தபாற்கந்தோரில் வேலை செய்தவர். அவர் குரலை உயர்த்திப் பேசி ஒருவரும் கேட்டதில்லை.

"எனக்கும் நரி பிடிக்கும்," என்றார். "ஆனால் போன கிழமை பட்டப்பகலில், விளையாட்டிடத்தில் என் பேரன் நிற்க, இது கிட்ட வந்து அவன் கையைப் பார்த்துக்கொண்டு இருந்தது. சுகமான நரி அப்படிச் செய்யாது. யாராவது சாப்பாடு வைக்கிறீர்களா? வைத்தால் பரவாயில்லை, ஒருவரும் கோபிக்கப்போவதில்லை. நிறுத்தினால் சரி, அதற்குப் பழையபடி பயம் வந்துவிடும். ஒருவரும் வைக்கவில்லை என்றால், அதற்கு ஏதோ நோய், வருத்தம். அப்போது வேட்டைக்காரரைத்தான் கூப்பிடவேண்டும்."

கரண்டிச் சத்தமும் நின்றுவிட்டது.

ராசமலர் முதியோர் இல்லத்தில் பதினைந்து வருடமாக வேலை செய்கிறவள். இரத்த அழுத்தம், மருந்து, படுக்கைப்புண் எல்லாவற்றையும் டெனிஷில் தடையில்லாமல் சொல்வாள். ஒரு கிரகத்தை, அதன் வாகனத்தை, கணவனின் நெஞ்சுவலியை ஒன்றாக முடிந்து எப்படிச் சொல்வது? பிறகு யோசித்தபோது அவ்வளவும் தேவையில்லை என்று பட்டது. நான் பறவைக்குச் சாப்பாடு வைத்தேன், நரி தின்றது. அந்த வசனம் சரியாக அமைந்து வாய்வரை வந்தது. அந்த நேரம் பார்த்து முன்வீட்டு மனிதர் அவர்களின் பக்கம் திரும்பினார். கேக்கை எடுக்கத்தான் திரும்பினாரோ என்னவோ.

மேசைக்குக் கீழே தவராஜாவின் கை அவள் முழங்காலை அழுத்தியது. "வாயைத் திறவாதை," என்றார் தமிழில், முகத்தில் சிரிப்பு மாறாமல். "பிறகு எலிக்கும் நாங்கள்தான் எண்டுவினம்."

அவள் மேசைவிரிப்பைப் பார்த்தாள்.

"அப்படியென்றால் வருத்தம்தான்," என்றார் ஹென்றிக். வேட்டைக்காரரைக் கூப்பிடக் கைகள் உயர்ந்தன. கியர்ஸ்டன் உயர்த்தவில்லை. தவராஜா பாதி உயர்த்தினார். ராசமலர் கோப்பைகளை அடுக்க எழும்பினாள்.

இரவு ஓகூஸிலிருந்து மகள் நிலக்சி தொலைபேசியில் வந்தாள். கதையைக் கேட்டுவிட்டு, வழக்கம்போல டெனிஷில், "அம்மா, ஒரு வரி எழுதி அனுப்புங்கள், முடிந்துவிடும்" என்றாள்.

"நீ எழுதி விடன்."

"நரிக்குச் சோறு வைத்தது நானா?"

"சனிக்கிழமை போகட்டும். ஞாயிறு நான் நேரிலயே போய்ச் சொல்லுறன்."

"ஏன் சனிக்கிழமை?"

ராசமலர் பேச்சை மாற்றி, அவள் சாப்பிட்டாளா என்று கேட்டாள். ஹென்றிக்கிடம் சொன்ன பிறகு சோறு வைக்க முடியாது. கடைசியாக ஒருக்கால் வைத்துவிட வேண்டும் என்று இருந்தது. வேட்டைக்காரர் அவ்வளவு கெதியாக வருவார் என்று அவள் நினைக்கவில்லை. இந்த நாட்டில் ஒரு குழாய் திருத்தவும் இரண்டு கிழமை எடுக்குமே.

சனிக்கிழமை வெயில் எறித்தது. தட்டில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சோறு வைத்தாள். நரி வரவில்லை. கூரையில் இருந்த காகம் பார்த்துவிட்டுப் பறந்துபோனது.

"நீயாவது சாப்பிடு, மலர்," என்றார் தவராஜா. "மருந்துக் குளுசை போடவேணுமெல்லே."

"ஒண்டும் எடுக்கேல்லை இன்னும்."

வெயில் சாய்கிற நேரம் கியர்ஸ்டன் வேலியடிக்கு வந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"காலையில் முடிந்துவிட்டது," என்றாள். "விளையாட்டிடத்துப் பற்றைக்குள் வேட்டைக்காரர் கூண்டு வைக்கப் போயிருக்கிறார். இறைச்சித் தட்டை வைக்கக் குனிந்தாராம், நரி பின்னால் வந்து உட்கார்ந்ததாம். உட்கார்ந்ததாம், ராசமலர். கூண்டே தேவைப்படவில்லை, அப்படியே சுட்டுவிட்டார். பிறகு பார்த்தால் நல்ல மயிர், நல்ல பல்லு, கொழுத்த உடம்பு. ஒரு வருத்தமும் தெரியவில்லையாம். அவருக்கே மனம் சரியில்லை. ஹென்றிக்தான் எனக்குச் சொன்னார், ஒரே கதையை இரண்டு தரம் சொன்னார்."

புதன்கிழமை வாயில் நின்றுபோன வசனம் இப்போது தானாகவே வெளியே வந்தது. "நான் பறவைக்குச் சாப்பாடு வைத்தேன். நரி தின்றது. சனிக்கிழமைகளில்."

கியர்ஸ்டன் அவளைப் பார்த்தாள். பிறகு புல்லில் கிடந்த தட்டைப் பார்த்தாள்.

"புதன்கிழமை நீ எனக்குப் பக்கத்தில்தானே இருந்தாய்."

"ஓம்," என்று தமிழில் சொல்லிவிட்டு, பிறகு டெனிஷில் சொன்னாள்.

கியர்ஸ்டன் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வேலிச் செடியில் ஒரு காய்ந்த இலையைக் கிள்ளி விரலில் தேய்த்துக்கொண்டு நின்றாள். "ஹென்றிக்குக்கு நீதான் சொல்லவேண்டும்," என்றாள் கடைசியில். "தன்னுடைய பேரனுக்காகச் சுகமான நரியைக் கொல்வித்தது தன் பிழை மட்டும்தான் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்." சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் வீட்டுக் கதவை எப்போதும்போல மெதுவாகத்தான் சாத்தினாள்.

ராசமலர் தட்டை எடுத்து வந்து குசினியில் வைத்தாள். பிறகு நடையில் உட்கார்ந்து சப்பாத்தைப் போட்டாள்.

"இப்ப போய் என்னத்துக்கு?" என்றார் தவராஜா. "செத்தது திரும்பி வருமோ?"

"வராது."

"முன்வீட்டுக்காரனுக்கும் தெரியவரும். நாளைக்குத் தெருவில தலைகாட்ட ஏலாது."

"ஓம்."

"சாப்பிடவுமில்லை நீ."

அவள் குனிந்து நாடாவைக் கட்டினாள். முடிச்சு இரண்டு தரம் நழுவியது. தவராஜா கிட்ட வந்தார். கீழே குந்தி, அந்த முடிச்சைத் தானே போட்டுவிட்டு, தன்னுடைய ஜாக்கெற்றை எடுத்தார்.

"கையை உயர்த்தினது நானெல்லே," என்றார்.