கடைசி ஸ்வரத்துக்குப் பிறகு பத்து நொடி

என்னை இசைத்துறைக்குக் கொண்டுபோனது என் நிறை. எண்பத்திரண்டு கிலோ. இதைச் சொன்னால் எங்கள் ரூ லூயி-பிளாங்க் தெருவில் ஒருவரும் நம்புவதில்லை. நம்பவைக்க நானும் மினக்கெடுவதில்லை.

முப்பது வருடமாக இந்தத் தெருவில் சாப்பாட்டுக் கடைகளில் சட்டி கழுவுகிறேன். தியரி எங்கள் கடையில் மதியம் சாப்பிடுகிற ஒலிப்பதிவாளன். மெண்டெல்சோன் எழுதிய ஆர்கன் இசை முழுவதையும் ஜெர்மனியின் பழைய கிறிஸ்தவக் கோயில் ஆர்கன்களில் ஷார்லோத் என்ற அம்மா வாசிக்க, அவன் பதிவு செய்கிறான். அந்த ஆர்கன்களுக்குக் காற்றடிக்க இப்போது மோட்டார் பூட்டியிருக்கிறார்கள். அதன் உறுமல் மைக்கில் விழும். அதனால் பதிவு நேரத்தில் மோட்டாரை நிறுத்திவிட்டு, அந்தக் காலத்தைப் போலவே ஓர் ஆள் காலால் துருத்தி மிதிக்கவேண்டும். பாரமான ஆள், வாய் திறக்காத ஆள். ஒருநாள் கை கழுவ வந்த தியரி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தவா, ஜெர்மனிக்கு வருகிறாயா?" என்று கேட்டான்.

ஏப்ரலில் மூன்று நாள் போனேன். ஆர்கனுக்குப் பின்னால் மர அறை. வரிசையாக நாலு பலகை. ஒன்றில் ஏறி நின்றால் அது என்னை மெல்லக் கீழே இறக்கும், துருத்தி நிரம்பும். பிறகு அடுத்த பலகை. தவா, தட்டு எங்கே, தவா, கரண்டி எங்கே என்று கத்த அங்கே ஒருவரும் இல்லை. முழங்கால் நொந்தது. ஆனாலும் இத்தனை வருடத்தில் என் உடம்பைத் தாங்கி இறக்கிவிட்ட வேலை அது ஒன்றுதான். எனக்குப் பிடித்துப்போயிற்று. ஒக்டோபரில் இன்னொரு ஊர் ஆர்கன் இருந்தது. அதற்கும் போகவேண்டும் என்ற ஒரே ஆசையோடு திரும்பி வந்தேன்.

மே மாதம் தியரி தன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு பதிவைப் போட்டுக் காட்டினான். ஷார்லோத் பன்னிரண்டு முறை வாசித்து, பன்னிரண்டாவதில்தான் திருப்திப்பட்ட துண்டு. கடைசி ஸ்வரம் முடிந்து, கோயிலுக்குள் அதன் கார்வை சுற்றிக்கொண்டிருக்கும்போது மூச்சு மாதிரி ஏதோ ஒன்று கேட்டது.

"இது என்ன சத்தம்?" என்றான். பதிவு செய்த அன்றைக்குக் கார்வை அடங்குமுன்பே சந்தோஷத்தில் ஹெட்போனைக் கழற்றியவன் அவன். மறுபடி போய்ப் பதிவு செய்யவும் வழியில்லை, அந்தக் கோயிலைத் திருத்த வேலைக்குப் பூட்டிவிட்டார்கள்.

எனக்குக் கேட்டவுடனே தெரிந்தது. அது நான். பலகையை விட்டு இறங்கியதும் என்னை அறியாமல் "அப்பனே முருகா" என்றிருக்கிறேன்.

"துருத்தித் தோல் பழசு. அதுதான் முனகுகிறது" என்று சொன்னேன். பச்சைப் பொய். உண்மையைச் சொன்னால் ஒக்டோபர் போய்விடும் என்று பயந்தேன்.

தியரி நம்பினான். கார்வையைப் பாதியில் வெட்டினான். ஷார்லோத்துக்கு அழுகை வந்ததாம். இரண்டு கிழமை கழித்து வந்து சொன்னான்: "இனித் துருத்தி வேண்டாமாம். அடுத்த ஊர்த் தோல் இதைவிடப் பழசு. உறுமினாலும் மோட்டாரே போதும் என்கிறாள்."

அன்றைக்குக் கழுவிய சட்டியையே மறுபடி மறுபடி கழுவினேன். சமையல்காரன் சேந்தன், "என்ன அண்ணை, முகம் செத்துப்போய்க் கிடக்கு?" என்றான். "ஒண்டும் இல்லை, உன்ரை வேலையைப் பார்" என்று எரிந்து விழுந்தேன். என் வாயால் நானே கெடுத்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஜூன் கடைசியில் நல்ல மழை. கடை நிறைந்து, எப்போதும் சன்னலோரம் இருக்கிற தியரிக்கு அன்று குசினி வாசலில்தான் இடம் கிடைத்தது. நான் பெரிய சோற்றுப் பானையைத் தூக்கிவந்து கீழே இறக்கினேன்.

"அப்பனே முருகா."

தியரியின் கரண்டி பாதி வழியில் நின்றது. எழுந்து குசினிக்குள் வந்தான்.

"அது தோல் இல்லை."

"இல்லை. நான்தான்."

"ஏன் சொல்லவில்லை?"

"சொன்னால் கூட்டிப்போகமாட்டாய்."

"சொல்லாததால்தான் இப்போது கூட்டிப்போகவில்லை" என்றான். கோபம் இருந்தது, நியாயமும் இருந்தது. பானையைக் காட்டினான். "அதை மறுபடி தூக்கி இறக்கு. இறக்கிவிட்டுப் பத்து நொடி சத்தம் வரக்கூடாது."

தூக்கினேன். இறக்கினேன். இடுப்பு விண்ணென்றது. தியரி மணிக்கூட்டைப் பார்த்தான். ஐந்தில் சொல் நெஞ்சுக்கு வந்தது. எட்டில் பல்லுக்கு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். பத்து என்று அவன் கையைக் காட்டினான்.

"அப்பனே முருகா" என்றேன். "முருகா" என்றான் அடுப்படியில் சேந்தனும். அவனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

தியரி அங்கேயே நின்று ஷார்லோத்துக்குப் போன் எடுத்தான். நடந்தது எல்லாவற்றையும் சொன்னான். பிறகு அவன், "சரி, ஒக்டோபருக்கு மோட்டார் வேண்டாம்" என்பது கேட்டது.

போனை வைத்துவிட்டுக் கேட்டான்: "நீ சொல்கிற அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?"

சாமியின் பெயர் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அதைச் சொல்லும்போது நான் சாமியை நினைத்ததே இல்லை. ஏற்கெனவே ஒரு பொய் சொன்னது போதும்.

"களைத்துப்போனேன் என்று அர்த்தம்" என்றேன்.