ஆறு புள்ளி ஏழு

இரண்டு புள்ளி மூன்று மில்லிமீட்டர். சாரத்தின் மேல் குந்தியிருந்த செல்வின் பைப்பைத் துணியால் துடைத்து, ஜெல்லைப் புதிதாகத் தடவி, கனம் அளக்கும் கருவியின் புரோபை மறுபடியும் வைத்தான். கருவி அதே எண்ணைத்தான் காட்டியது. சுவரின் கனம் நான்குக்குக் கீழே போனால் அந்த நீராவிக் குழாயை மாற்றியே ஆகவேண்டும்.

கருவியைக் குறை சொல்லவும் வழியில்லை. அளவு தெரிந்த இரும்புக் கட்டையில் வைத்துப் பார்த்தான், அச்சுப் பிசகாமல் காட்டித் தொலைத்தது. குறை அவனிடம்தான். போன வருடம் குழாயின் இந்த வளைவுக்குச் சாரம் கட்டித் தரவில்லை. செல்வின் ஐயா என்ன செய்தார்? கீழே நின்றபடியே, முந்தைய வருடத்து ஆறு புள்ளி எட்டில் புள்ளி ஒன்றைக் கழித்து ஆறு புள்ளி ஏழு என்று எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். பெரிய கெட்டிக்காரன்!

பராமரிப்பு வேலை முடிந்து மதியம் நீராவியைத் திறக்கப்போகிறார்கள். அந்த வளைவுக்கு நேர் கீழேதான் வால்வு. அதைத் திறக்கிறவன் பிஜு, செல்வினின் மனைவி ஷீனாவின் தம்பி. செல்வின் சொல்லித்தான் ஆலையில் அவனை வேலைக்கு எடுத்திருந்தார்கள். செல்வின் கருவியைத் தோளில் மாட்டினான். இறங்கி, என்ஜினீயர் ராமசுப்ரமணியனின் அறைக்கு ஓடினான்.

வலியசாலை அக்ரகாரத்துக்காரர், நல்ல மனிதர். செல்வின் எண்ணைச் சொன்னதும் போன வருடத்து அறிக்கையை எடுத்துப் பார்த்தார்.

“ஒரே வருஷத்திலே இத்தனை தேயுமோடா? உன் மெஷின் கேடாயிருக்கும்.”

“மெஷினுக்குக் கேடில்ல சார். போன வருசம் நான் மேல ஏறவே இல்ல. சும்மா எழுதிக் குடுத்தேன்.”

வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னான். அவர் முகம் வெளுத்தது. அவன் கையெழுத்துக்குக் கீழே இருந்தது அவருடைய கையெழுத்து. ஆனாலும் மேலிடத்துக்குப் போன் செய்து, மலையாளத்தில் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். போனை வைத்தபோது குரல் இறங்கியிருந்தது.

“போன வருஷம் பொய் எழுதினவன் இந்த வருஷம் நிஜம் எழுதுவான்னு என்ன நிச்சயம்னு மேலே இருக்கறவா கேக்கறா. லைனைத் திறக்கணுமாம். உன்னை வெளியிலே அனுப்பணுமாம். நான் என்ன செய்வேன், சொல்லு?”

 செக்யூரிட்டிக்காரர் பாஸைப் பிடுங்கிக்கொண்டு செல்வினைக் கேட்டுக்கு வெளியே விட்டார். கிழக்கேகோட்டை பஸ் ஒன்று நின்று, இவன் ஏறுவானா என்று பார்த்துவிட்டுப் போனது. பிஜுவைப் போனில் அழைத்தான்.

“எடே, வால்வ தொடாத. வெளிய வா. மேல பைப்பு மோசம்டே.”

பிஜு பயமே இல்லாமல் சிரித்தான். “அத்தான் நோக்கின பைப்பு அல்லியா? எனக்கு என்ன பேடி?”

“போன வருசம் நான் அத நோக்கவே இல்லடே!” செல்வின் தொண்டை கிழியக் கத்தினான். அதற்குள் பிஜு வால்வைத் திறந்துவிட்டான், நீராவி வந்துவிட்டது. அதன் இரைச்சல்தான் போன் முழுக்க.

“ஒண்ணும் கேக்கல அத்தான்,” என்றான் பிஜு. “பொறவு விளிக்கேன்.”