கத்தி பிடிக்கத் தெரியாதவர்

நீக்கிலாஸ் இருபத்து நான்கு வருடமாக றெஸ்ரோறன்ட் குசினியில் நின்றவர். பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் கொத்துரொட்டி போடுகிற கடை என்று நினைத்துவிடாதீர்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், வெள்ளைத் துணி விரித்த மேசைகளோடு, தென் பிரான்ஸ் சாப்பாட்டுக்கென்றே பெயரெடுத்த இடம். அங்கே சாப்பிட வருகிறவர்கள், உள்ளே நீஸ் நகரத்துக் கிழவர் ஒருவர் தொப்பியும் மீசையுமாக நின்று தங்களுக்காகக் கத்தரிக்காய் பொரிக்கிறார் என்று நம்பிச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். பொரிக்கிறவர் மன்னாரிலிருந்து வந்த நீக்கிலாஸ்.

அப்படிப்பட்ட மனிதருக்குத்தான் சமையல் படிப்பிக்க ஆள் பிடித்தார்கள்.

பிடித்தவர் றொஜர். நீக்கிலாசின் மகள் லாரா கட்டப்போகிற மத்தியூவின் தகப்பன். காணி உறுதி எழுதுகிற நொத்தேர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். இரண்டு குடும்பமும் ஒன்றையொன்று அறிய வேண்டும், அதற்கு அடுப்படியைவிட நல்ல இடமில்லை என்று சொல்லி, தெற்கே ஒரு பண்ணையில் மூன்று நாள் சமையல் வகுப்புக்கு எல்லோருக்கும் இடம் எடுத்துவிட்டார். தோட்டத்தில் பிடுங்கி, அங்கேயே சமைத்து, அங்கேயே மரத்தடியில் இருந்து சாப்பிடுவதாம். வேலை மெனக்கெட்டு இதற்கு ஆட்கள் பாரிசிலிருந்து ரயிலேறிப் போகிறார்களாம்.

செய்தியைக் கொண்டுவந்தவள் லாரா. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து லா சப்பல் வீட்டுக்கு வந்தவள் கோட்டைக் கழற்றாமலே நின்றாள். காப்புறுதிக் கொம்பனியில் நல்ல வேலையில் இருக்கிற பிள்ளை. தாய் தகப்பன் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லும் பழக்கம்.

"அப்பா, ஒரு சின்ன விஷயம்," என்றாள் பிரெஞ்சில். "நீங்கள் உணவுப் பொருட்கள் இறக்குமதி செய்கிறவர் என்று றொஜரிடம் சொல்லியிருக்கிறேன். மூன்று நாள்தான். சமைக்கத் தெரிந்த மாதிரி மட்டும் காட்டிக்கொள்ளாதீர்கள்."

குசினிக்குள் நின்ற தாய் மரியகொறற்றி எட்டிப் பார்த்தாள். "இறக்குமதியோ? வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புற ஏஜென்சிக்காரன் உன்ரை அப்பாவைக் கொண்டந்து இஞ்சை இறக்கினதைச் சொல்லுறியோ?"

லாரா சிரிக்கவில்லை. தகப்பனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நீக்கிலாசுக்குச் சுருக்கென்றது. ஆனால் கோபிக்க அவருக்கு வாய் இல்லை. அவரும் லேசுப்பட்டவரல்லர். ஊரோடு தொலைபேசியில் பேசும்போதெல்லாம் "ஒரு றெஸ்ரோறன்டைப் பாக்கிறன்" என்றுதான் இத்தனை வருடமாகச் சொல்லி வருகிறார். எதைப் பார்க்கிறார், எங்கே நின்று பார்க்கிறார் என்று அவர்களும் கேட்டதில்லை, இவரும் சொன்னதில்லை. மகள் அதையே கொஞ்சம் பெரிதாக்கி, அலுவலகமும் வைத்துக் கொடுத்திருக்கிறாள்.

"ஓம் பிள்ளை. எனக்கொண்டும் தெரியாது. போதுமோ?" என்றார்.

பண்ணைக்காரியின் பெயர் மரியான். முன்பு பாரிசில் விளம்பர வேலை பார்த்தவளாம். ஒரு நாள் மண் அவளைக் கூப்பிட்டதாம், உடனே எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிட்டாளாம். அந்தப் பக்கத்தில் எத்தனையோ பேர் வேலையில்லாமல் நிற்க, மண் இவளை மட்டும் ஏன் கூப்பிட்டதென்று நீக்கிலாசுக்கு விளங்கவில்லை. வைக்கோல் தொப்பியும் வெறுங்காலுமாக நின்று, "முதலில் காய்களோடு பேசிப் பழகுங்கள்," என்றாள். ஆளுக்கொரு கூடை கொடுத்தாள். கூடை பெரிது. பிடுங்க விட்டதோ ஆளுக்கு இரண்டு பூசணிப்பூ, ஆறு தக்காளி. றொஜர் ஒரு தக்காளியை மூக்கில் வைத்து மோந்தபடி கண்ணை மூடிக்கொண்டார். மத்தியூ அதைப் படமெடுத்தான். லாரா அந்தப் படத்தைப் பார்த்து ஆகா என்றாள்.

நீக்கிலாசும் ஒரு தக்காளியை மோந்து கண்ணை மூடினார். இறக்குமதிக்காரர் வேறென்ன செய்வார்?

பிறகு வெங்காயம். இங்கேதான் அவருடைய பாடு தொடங்கியது. கத்தியைக் கையில் எடுத்ததும் கை தன்பாட்டில் வேலைக்கு இறங்கப் பார்த்தது. அதை அடக்கி, விறகு பிளக்கிறவரைப் போல வெங்காயத்தை நாலு துண்டாகப் பிளந்து வைத்தார். மரியான் ஓடி வந்தாள். பின்னால் நின்று அவருடைய கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலைக் கத்தியின் முதுகில் நீட்டி வைத்தாள். "இப்படி, மிஸ்யூ. கத்திக்குப் பயப்படக்கூடாது." அப்படிப் பிடிக்கிறவனை நீக்கிலாஸ் தன் குசினியில் ஒரு மணித்தியாலம் வைத்திருக்கமாட்டார். பாத்திரம் கழுவ அனுப்பிவிடுவார்.

மரியகொறற்றிக்கு இது நல்ல கூத்து. கல்யாணம் கட்டி இருபத்தேழு வருடத்தில் புருஷன் அடுப்பில் கை வைத்ததை அவள் கண்டதில்லை. நாள் முழுக்கச் சமைத்துவிட்டு வருகிற மனிதர் வீட்டில் தேத்தண்ணி கூட வைக்கமாட்டார். வீட்டுச் சட்டம் அது. இப்போது முதல் தடவையாகக் குசினியில் காண்கிறாள், அதுவும் சமைக்கத் தெரியாதவராக.

"இஞ்சாருங்கோ," என்று காதுக்குள் சொன்னாள், "வடிவாத்தான் நடிக்கிறியள். வீட்டிலையும் இவ்வளவு காலமும் நடிச்சனீங்களோ?"

"சும்மா இரு கொறற்றி. எனக்கு வயித்தெரிச்சல்."

வயிற்றெரிச்சல் வீண் இல்லை. மரியான் கத்தரிக்காய், குடைமிளகாய், பூசணிப் பிஞ்சு, தக்காளி எல்லாவற்றையும் ஒரே சட்டியில் ஒன்றாகக் கொட்டி மூடினாள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பொரித்துக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். நேற்று வேலைக்கு வந்த பொடியனுக்கும் அது தெரியும். "ஒன்றோடொன்று பேசிக்கொள்ளட்டும்," என்றாள் மரியான். அரை மணித்தியாலத்தில் அவை பேசிக் களைத்து ஒரே களியாகக் கிடந்தன. எல்லோரும் ஒரு கரண்டி வாயில் வைத்து, வெயிலையே சாப்பிடுவதுபோல இருக்கிறது என்றார்கள். துளசி மாதிரி இருக்கும் பசிலிக் இலையைக் கல்லுரலில் போட்டு நாலு இடி இடித்துப் படமெடுக்க விட்டாள். மிச்சத்தை உள்ளே கொண்டுபோய் மெஷினில் அடித்தாள். மெஷின் சூட்டில் இலை கறுத்துப்போய் வந்தது. அதையும் நக்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்கள்.

ஒருமுறை மாட்டிக்கொள்ளப் பார்த்தார். மரியான் சட்டென்று திரும்பி, "மிஸ்யூ, அடுப்பைக் குறையுங்கள்!" என்று சத்தம் போட, நீக்கிலாசின் வாயிலிருந்து குசினியில் தலைமைச் சமையல்காரருக்கு ஆமாம் சொல்கிற இருபத்து நான்கு வருடப் பழக்கம் குதித்துவிட்டது. "உய், ஷெஃப்!"

லாராவின் முகம் வெளிறியது. ஆனால் மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். றொஜர் கைகூடத் தட்டினார். தொலைக்காட்சிச் சமையல் போட்டியைப் பார்த்துப் பகிடி விடுகிறார் என்று நினைத்துவிட்டார்கள். இந்த மனிதர் உண்மையாகவே ஒரு ஷெஃபுக்குக் கீழ் நின்று அதைச் சொல்லியிருப்பார் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இரண்டாம் நாள் பின்னேரம் சுருட்டுப் பிடிக்கக் கொட்டிலுக்குப் பின்னால் போனவர் அங்கே அடுக்கியிருந்த பெட்டிகளைக் கண்டார். கத்தரிக்காய்ப் பெட்டி ஐந்து, குடைமிளகாய்ப் பெட்டி மூன்று. பக்கத்தில் ஸ்பெயின் என்று அச்சடித்திருந்தது. தினமும் காலை ஏழு மணிக்கு அவர் உடைக்கிற அதே மொத்தச் சந்தைப் பெட்டி. மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார்.

"உவளின்ரை மண் பிரான்சிலை இல்லை, ஸ்பெயினிலை கிடக்கு."

"கண்டும் காணாத மாதிரி வாங்கோ," என்றாள் மரியகொறற்றி. "பிள்ளையின்ரை கலியாணம். வாயைத் திறந்தியளெண்டால் தெரியும்."

திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாம் நாள் மத்தியானம் வரைக்கும் வந்துவிட்டார். சரியாகப் பொருக்கு வைக்காத ரொட்டியையும், அடுப்பால் இறக்கிய கையோடு வெட்டி இரத்தம் எல்லாம் பலகையில் ஓடவிட்ட ஆட்டிறைச்சியையும் சிரித்த முகத்தோடு சாப்பிட்டார். இன்னும் இரண்டு மணித்தியாலத்தில் ரயில். அத்தோடு தப்பியிருப்பார்.

றொஜர் கரண்டியால் கிளாசைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"பிள்ளைகளோடு பேசிவிட்டேன்," என்றார். "கல்யாண விருந்தை இங்கேயே வைக்கலாம், இதே மரத்தடியில். மரியான் சமைப்பார். இன்னும் அழகான ஒரு யோசனை அவருக்கு இருக்கிறது. விருந்தாளிகள் வந்து இறங்கியதும் ஆளுக்கொரு கூடை கொடுப்போம். தங்கள் சாப்பாட்டுக்கான காய்களைத் தாங்களே பிடுங்கிக்கொண்டு வரட்டும்!"

மத்தியூ கைதட்டினான். லாராவும் தட்டினாள்.

நீக்கிலாஸ் கைதட்டவில்லை. அவருடைய கண்ணில் முந்நூறு பேர் வந்து நின்றார்கள். புறநகர் பொபினியிலிருந்து கொறற்றியின் தமையன்மார் கோட்டும் சூட்டுமாக. வில்லியே லே பெல்லிலிருந்து பட்டுச்சேலையும் பதக்கச் சங்கிலியுமாகச் சனம். இருத்தி வைத்துப் பரிமாறினாலே இறைச்சித் துண்டு சின்னன் என்று பத்து வருடம் கதைக்கிற ஆட்கள். அவர்களை வாசலில் மறித்து, இந்தா கூடை, போய்க் கத்தரிக்காய் பிடுங்கிக்கொண்டு வா என்பதா? காறித் துப்பிவிட்டுப் போவார்கள். பிடுங்கியும் என்ன, கடைசியில் தின்னப்போவது அந்தக் களியைத்தானே.

"இல்லை," என்றார். "என் மகளின் விருந்தை நான் சமைக்கிறேன்."

றொஜர் அன்பாகத்தான் சிரித்தார். "ஒரு வெங்காயத்தோடு நீங்கள் பட்ட பாட்டை எல்லோரும் பார்த்தோமே, மிஸ்யூ!"

மேசை முழுக்கச் சிரித்தது. லாராவும் சிரித்தாள். மற்றவர்கள் சிரித்ததை அவர் பொறுத்திருப்பார். தெரிந்துகொண்டே சிரித்த அந்தச் சிரிப்புத்தான் நெஞ்சில் சுட்டது.

பிறகு அவர் பேசியது பண்ணைப் பிரெஞ்சு அல்ல, குசினிப் பிரெஞ்சு. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி அவித்ததற்குப் பெயர் மாட்டுத் தீவனம் என்றார். இலை கறுத்தது மெஷின் சூட்டினால் என்றார். இறைச்சியைக் கால் மணித்தியாலம் ஆற விடத் தெரியாதவள் மண்ணோடு பேசி என்ன கிழித்தாள் என்று கேட்டார். கொட்டிலுக்குப் பின்னால் போய்ப் பெட்டிகளைப் பாருங்கள், அவையும் பேசும் என்றார். கடைசியில் தான் வேலை செய்கிற இடத்தின் பெயரைச் சொல்லி, "இருபத்து நான்கு வருடமாக அங்கே இதே சாப்பாட்டைச் சமைக்கிறவன் நான்," என்றார்.

மரியான் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

றொஜர் கைத்துண்டை மடித்து வைத்தார். "அப்படியானால் இறக்குமதி என்று என்னிடம் சொன்னது?"

லாரா தலையைத் தூக்கவில்லை. தட்டில் கிடந்த ஒரு ரொட்டித் துண்டை விரலால் நசித்துக்கொண்டிருந்தாள். நீக்கிலாஸ் அந்த விரலைப் பார்த்தார்.

"நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்," என்றார். "பிள்ளைக்கு விருப்பமில்லை."

மரியகொறற்றி வாயைத் திறந்தாள். புருஷன் பார்த்த பார்வையில் திரும்ப மூடிக்கொண்டாள்.

"கல்யாணம் பிள்ளைகளின் விஷயம், அதில் நான் கை வைக்கமாட்டேன்," என்றார் றொஜர், உறுதி எழுதுகிற குரலில். "ஆனால் மிஸ்யூ, தொழிலைப் பற்றிப் பொய் சொல்கிற மனிதரை எனக்குப் புரியவில்லை. எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு பழக்கம் இல்லை."

நீக்கிலாஸ் தலையை ஆட்டி அதையும் வாங்கிக்கொண்டார்.

ரயிலில் றொஜரும் மத்தியூவும் வேறு பெட்டியில் இருந்தார்கள். லாரா தாய் தகப்பனுக்கு எதிரே இருந்து மூன்று மணித்தியாலமும் யன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பாரிசில் ரயில் மாறி, கார் து நோர் நிலையத்தில் இறங்கி, பைகளை இழுத்துக்கொண்டு லா சப்பல் தெருவுக்குள் வந்தார்கள். மரக்கறிக்கடை வாசலில் முருங்கைக்காய் கட்டிக்கொண்டு நின்ற கரிகாலன் கையைத் தூக்கினான்.

"என்ன நீக்கிலாஸ் அண்ணை, லீவெல்லாம் முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது தம்பி. நாளைக்கு வேலை."

கடையைத் தாண்டி நாலடி போயிருப்பார்கள். லாரா நின்றாள். மூன்று நாளில் முதல் தடவையாகத் தமிழில் பேசினாள். தெருவில் போகிற எல்லோருக்கும் விளங்குகிற சத்தத்தில் பேசினாள்.

"அத்தனை பேருக்கு முன்னாலை அப்பிடிக் கத்தினீங்களே. உங்களுக்கு வெக்கமே இல்லையா, அப்பா?"

நீக்கிலாஸ் பையைக் கீழே வைத்தார்.

"இருந்தது, பிள்ளை," என்றார். "மூண்டு நாளும் இருந்தது."