பூனையின் வலது கண்

மத்தியான வெயில் ஜன்னல் திரை வழியாகக் கட்டில்மேல் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தபோதுதான், தன் பூனைக்குக் கண் வைத்தே ஆகவேண்டும் என்று மேனேஜரம்மா உத்தரவு போட்டாள்.

மேனேஜரம்மாவுக்கு வயது ஐந்து. எந்த ஊசி எந்தக் கையில், யார் எங்கே நிற்பது, எல்லாம் அவள் வைத்ததுதான் சட்டம். அவளுடைய இதயம் சோர்ந்துபோய் மாதக்கணக்காகிறது. வேறோர் இதயம் கிடைக்கும்வரை காலத்தை ஓட்ட ஒரு பம்ப் வைத்திருந்தார்கள். கைக்கடக்கமான கண்ணாடிக் கிண்ணம் மாதிரி அது வயிற்றுக்கு வெளியே கிடக்கும். உள்ளே ரத்தம் நிரம்புவதும் வடிவதும் அப்படியே தெரியும். அதிலிருந்து இரண்டு குழாய்கள் உடம்புக்குள் போயின. மூன்றாவது, கட்டிலோர இயந்திரத்துக்கு. டக், டக் என்று சதா சத்தம். பார்க்க வருகிற பெரியவர்களுக்குக் குலை நடுங்கும். மேனேஜரம்மாவுக்கோ அது வயிற்றின்மேல் சுருண்டு தூங்கும் பூனை.

“கண்ணே இல்லன்னா அதுக்குக் கனவு எப்படிக்கா வரும்?” என்று, பதினோரு வருஷம் இதே வார்டில் பழம் தின்று கொட்டை போட்ட நர்ஸிடம் அவள் கேட்டாள். கண் வைத்தால் சாப்பிடுவேன் என்றும் பேரம் வந்தது. மூன்று நாளாக ஒரு வாய் இறங்காத பிள்ளை. படம் வரையும் நோட்டிலிருந்து இரண்டு வட்ட ஸ்டிக்கர்களைப் பிய்த்து நர்ஸ் பம்பின்மேல் ஒட்டினாள். குழந்தை சாப்பாட்டுத் தட்டைக் காலி செய்தது. அம்மாக்காரி சிரித்துக்கொண்டே அழுதாள். மங்கிய வெளிச்சத்தில் அந்தப் பூனை தன்னையும் ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்த மாதிரி நர்ஸுக்குப் பட்டது. அன்று முழுக்க அவள் கால் தரையில் பாவவில்லை.

அதில்தான் வந்தது வினை. அந்தக் கிண்ணத்தை நாலு மணி நேரத்துக்கொரு தடவை டார்ச் அடித்து, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க வேண்டும். மூலையில் எங்காவது ரத்தம் உறைந்து ஒட்டியிருந்தால், அது பிய்ந்து மூளைக்குப் போகலாம். போனால் ஒரு பக்கம் கை கால் விழுந்துவிடும், உயிரும் போகலாம். இதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. இருந்தும் பணி மாற வந்தவளிடம், ஸ்டிக்கரை எடுத்துவிடாதே, அடியில் நான் பார்த்துவிட்டேன், சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். பார்த்தது என்னவோ உண்மைதான், ஒட்டுவதற்கு முன்னால்.

காலையில் வந்து வலது கண்ணை உரித்து டார்ச் அடித்தாள். கடுகளவு கறுப்பு.

ஸ்டிக்கரைக் கசக்கிப் பாக்கெட்டில் போட்டால் ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. ஒரு கணம் கை அதற்குப் போகவும் செய்தது, பொய் சொல்வானேன். பிறகு அதைத் தன் புறங்கையில் ஒட்டிக்கொண்டு போய் டாக்டர் முன்னால் நின்றாள். அவர் அதையும் அவளையும் பார்த்தார். உடனே பம்பை மாற்றவேண்டும் என்றார். மற்றதைப் பிறகு பேசலாம் என்றார். அந்தக் கடுகளவு உறைவு பத்து நிமிஷத்துக்கு முன்னாலும் வந்திருக்கலாம், போன ராத்திரியே வந்துமிருக்கலாம், யார் கண்டது என்று முணுமுணுத்தார். அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. குழந்தையின் அம்மாவிடமும் அவளே போய், ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

புதுப் பம்போடு குழந்தை திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பம்பை மாற்றுகையில் ஏதாவது ரத்தத் துணுக்கு நழுவி மூளைக்குப் போனதா என்பது, அவள் விழித்துக் கையைக் காலை அசைத்தால்தான் தெரியும். இடது கை அசைந்தது. வலது கை அசையவில்லை. மயக்கம் இன்னும் தெளியவில்லை என்றார் டாக்டர். நர்ஸ் தன் விரலை அந்த வலது கையின் குட்டி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றாள். அறை தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் மிதந்தது.

ஸ்டூலைக் காலால் அவள் பக்கம் தள்ளினாள் அம்மா.

“உக்காருங்க சிஸ்டர். எனக்கு மனசு ஆறிடுச்சுன்னு நெனைச்சுக்காதீங்க. அவ முழிக்கிறப்போ உங்களத்தான் தேடுவா.”

நர்ஸ் உட்கார்ந்தாள். எவ்வளவு நேரமோ. விரலைச் சுற்றி லேசாக ஏதோ அழுந்தியது. பம்பின் துடிப்பாக இருக்கும், அல்லது தன் விரலின் துடிப்பு. மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். டக், டக், டக். அந்தத் தாளத்தில் சேராமல், இரண்டு துடிப்புகளுக்கு நடுவே, மறுபடியும் ஒரு தடவை அழுந்தியது.