நனைத்த லைனிங்

லைனிங் துணியை நனைக்காமல் கொண்டுவருகிறவர்களைக் கண்டாலே டெய்லர் மாரிக்கனிக்குப் பற்றிக்கொண்டு வரும். தைத்த பிறகு துவைத்தால் உள்துணி சுருங்கி மேல்துணியையும் சேர்த்து இழுத்துவிடும். பழி டெய்லர் மேல்தான் விழும். ராஜபாளையத்தில் கடை போட்ட நாளிலிருந்து அவள் கத்திக்கொண்டிருப்பது இதைத்தான்.

மம்சாபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்த காளீஸ்வரி, கம்பளி நூலில் தானே பின்னிய பையையும் ஒரு கட்டம்போட்ட சட்டையையும் நீட்டினாள்.

“ஆஸ்பத்திரியில எங்க வீட்டுக்காரவுக பக்கத்துல உக்காந்து பின்னுனதுக்கா. இது அவுக கடைசியாப் போட்டிருந்த சட்டை. இதை லைனிங்கா வச்சு அப்படியே தைச்சுக் குடுங்க.”

மாரிக்கனி அன்றைக்கு மட்டும் கத்தவில்லை. புருஷனைப் பறிகொடுத்தவளிடம் நனைத்துக் கொண்டு வா என்று எந்த வாயால் சொல்வது? காலரில் வியர்வைக் கறை வேறு. தானே சோப்புப் போட்டு அலசி, நிழலில் உலர்த்தி, தேய்த்து வெட்டினாள். சாமான் கனத்தில் பின்னல் இழுபடாமலிருக்க லைனிங்கை அரை இஞ்ச் குறைத்துத் தைத்தாள். சட்டைப்பையைக்கூட உள்ளே வரும்படி வைத்திருந்தாள்.

நான்காம் நாள் காளீஸ்வரி வந்தாள். பையை விரித்து அதற்குள் புதைத்த முகத்தை அவள் வெகுநேரம் எடுக்கவில்லை.

“நனைச்சிட்டியளாக்கா? சோப்பு வாசந்தான் வருது.”

அந்த ‘அப்படியே’ அப்போதுதான் மாரிக்கனிக்கு உறைத்தது.

காளீஸ்வரி சட்டைப்பையை ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

“நல்லாத்தான் தைச்சிருக்கிய. இனிச் சுருங்காதுல்லக்கா?”

“சுருங்காது,” என்றாள் மாரிக்கனி, குனிந்த தலை நிமிராமல்.