ஓரத்தில் நின்ற மாப்பிள்ளை

குடும்பப் படம் எடுக்கப் போய்க் குடும்பத்தையே இரண்டாக்கிவிட்டு வந்தவள் என்று அந்த வீட்டு மருமகளுக்குப் பெயர் கிடைத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது பதிலுக்கு நாலு வார்த்தை பேசித் தீர்த்திருப்பாள். மாமியார் டம்ளரைக் கொஞ்சம் பலமாக வைத்தார். நாத்தனார் சாப்பாட்டை வெறுமனே அளைந்துகொண்டிருந்தாள். மாமனார் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். புருஷன்காரன் மட்டும் வழக்கம்போல் பல்லைக் காட்டிக்கொண்டு திரிந்தான். வீடு பற்றி எரிந்தாலும் பக்கத்தில் நின்று குளிர்காய்கிற ஜென்மம் அது.

இத்தனைக்கும் படம் எடுப்பதுதான் அவள் தொழில். எடுப்பதைவிட, எடுத்ததைத் திரையில் போட்டுத் திருத்துவதில் அவள் கெட்டிக்காரி. முன்னறை ஜன்னலோரம் மேசை போட்டு, கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் மூடிய கண்ணைத் திறப்பாள், கலைந்த தலையை வாருவாள். ஒருமுறை ஒரு கல்யாண ஜோடியின் முதுகுக்குப் பின்னால் பெரிய லாரி ஒன்று வந்து நின்றுவிட்டது. அதை இருந்த இடம் தெரியாமல் துடைத்துவிட்டு, அங்கே வேலியும் செடியுமாக வைத்து அனுப்பினாள். பக்கத்தில் நின்று பார்த்த மாமனார் வாயைப் பிளந்தார். "என் மருமக லாரியையே காணாம அடிச்சவ" என்று தெருவில் போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்தி வைத்துச் சொன்னார். பெற்ற மகன் பரீட்சையில் தேறியபோதுகூட மனுஷர் இவ்வளவு பூரித்ததில்லை.

அந்த லாரிதான் கடைசியில் எமனாக வந்து நின்றது. எப்படி என்கிறீர்களா? கேளுங்கள்.

ஏரிக்கரைப் புல்வெளியில் எல்லோரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது மாமியாரின் நெடுநாள் ஆசை. நாத்தனாரும் அவள் கணவரும் ஊரின் அந்தக் கோடியில் இருந்து வந்து சேர்ந்தார்கள். மாமனார் புதிதாக வாங்கிய பழுப்பு நிற ஷூவைக் காலையிலிருந்து துடைத்துத் துடைத்து முகம் பார்க்கிற அளவுக்கு ஆக்கி வைத்திருந்தார். மாமியார் கிளிப்பச்சைப் புடவை. புருஷன்காரன் கண்ணைக் குத்துகிற ஆரஞ்சுச் சட்டை.

"கலர் வேணாம்மா, கருப்பு வெள்ளையில போட்டுடு. அப்பத்தான் ஒரே குடும்பம் மாதிரி தெரிவோம்" என்றார் மாமியார், மகனின் சட்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டு.

சாயங்கால வெயில். சூரியன் வலதுபக்கம் பின்னால் தாழ இறங்கிவிட்டது. நடுவில் நாற்காலி போட்டு மாமனார் உட்கார, அவருக்கு வலதுபக்கத்தில் மாப்பிள்ளை வந்து நின்றார். அது அவருடைய இடம். யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் மாப்பிள்ளை சாதாரண உயரமா? எந்த வாசலிலும் குனிந்தே நுழைந்து பழகியவர். கேமராவில் பார்த்தால் அவர் நிழல் மொத்தமும் மாமனார் முகத்தில். மீசை எது, மூக்கு எது என்று தெரியவில்லை.

"அண்ணா, நீங்க கொஞ்சம் அந்த ஓரத்துக்குப் போங்க" என்றாள் அவள்.

ஏன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெயில் போய்க்கொண்டிருந்த அவசரம். கேமராவைக் கையில் எடுத்துவிட்டால் அவளுக்கு எதிரில் நிற்பவர்கள் மனிதர்கள் இல்லை, பூந்தொட்டிகள். இதை இங்கே வை, அதை அங்கே வை. மாப்பிள்ளை பேசாமல் ஓரத்துக்குப் போனார். படமும் எடுத்தாகிவிட்டது.

பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றும்போது ஆரம்பித்தது வினை.

"ஓரத்துல யாரை நிறுத்துவாங்கன்னு எனக்கும் தெரியும்" என்றார் மாப்பிள்ளை, டீயை வாங்காமல். "பின்னாடி வெட்டி எடுக்க வசதியா இருக்கும்ல?"

யாராவது சிரித்து மழுப்பியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். மாமனாருக்கு மூக்குக்கு மேல் கோபம். "வெட்டணும்னு நினைச்சா நடுவுல நின்னாலும் வெட்டலாம், மாப்பிள்ளை! லாரியையே காணாம அடிச்சவ என் மருமக. நீங்க எம்மாத்திரம்?"

வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவது என்பார்களே, அது இதுதான். மாப்பிள்ளை முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. எழுந்து, மனைவியைப் பார்த்து, "வரியா?" என்று ஒரே வார்த்தை கேட்டார். அவள் புருஷனைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், எழுந்திருக்கவும் தெரியாமல் உட்காரவும் முடியாமல் பாதியில் நின்றாள். அதற்குள் அவர் விடுவிடுவென்று நடந்துவிட்டார்.

அன்றிலிருந்து நாத்தனார் பிறந்த வீட்டில். அவர் கூப்பிடவில்லை, இவளும் கூப்பிடவில்லை. வீராப்பு என்று வந்துவிட்டால் இரண்டும் ஒன்றுக்கொன்று இளைத்ததில்லை. போன் மட்டும் எப்போதும் அவள் கையில் இருந்தது. அது சும்மா ஒரு தடவை மினுக்கினாலும் நிமிர்ந்து பார்ப்பாள். பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைப்பாள். ஓரத்துக்குப் போங்க என்ற ஒரு சொல்லால் ஒருத்தி வாழ்க்கை அந்தரத்தில் தொங்குகிறதே என்று மருமகளுக்கு உள்ளுக்குள் அரித்தது. சோறு இறங்கவில்லை.

இந்த லட்சணத்தில்தான் மாமனார் மேசைக்குப் பக்கத்தில் வந்து தொண்டையைச் செருமினார்.

"அந்தப் படத்தைப் பெருசாப் போட்டுக் கூடத்துல மாட்டணும்மா."

"சரிங்க மாமா."

"அந்த நெட்டையை எடுத்துடு."

"மாமா..."

"எடுத்துடுன்னேன்." போய்விட்டார். பத்தடி போனவர் திரும்பி ஒரு தடவை பார்த்தார்.

மறுத்துப் பேசப் போய், அத்தனை கோளாறுக்கும் காரணமே நீதானே என்று யாராவது கேட்டுவிட்டால்? படத்தைத் திறந்தாள். நிறத்தை உறிஞ்சி எடுத்ததும் கிளிப்பச்சையும் ஆரஞ்சும் அடங்கி, மாமியார் சொன்ன மாதிரியே எல்லோரும் ஒரே குடும்பம் ஆனார்கள். புல் இருந்த இடத்தை மட்டும் கொஞ்சம் வெளுப்பாக்கினாள். ஏரித் தண்ணீர் பளபளத்தது. மாமனார் ஷூ அதைவிடப் பளபளத்தது. பிறகு மனசைக் கல்லாக்கிக்கொண்டு வலது ஓரத்தை வெட்டினாள். மாப்பிள்ளை போய்விட்டார்.

ஆனால் அவர் நிழல் போகவில்லை.

கலரில் புல்லோடு புல்லாகக் கிடந்த நிழல், புல் வெளுத்ததும் கரேல் என்று மேலே வந்துவிட்டது. வெட்டிய ஓரத்திலிருந்து கிளம்பி, புருஷன்காரன் காலுக்கு முன்னால் சாய்வாக ஓடி, நேரே மாமனாரின் ஷூ மேல் போய்த் தலையை வைத்திருந்தது. தலை என்றால் சும்மா தலை இல்லை. உச்சியில் காற்றுக்கு ஒரு கொத்து முடி எழும்பி நின்றது அப்படியே தெரிந்தது.

பின்னால் ஒரு விசும்பல் கேட்டது. நாத்தனார் எப்போது வந்து நின்றாள் என்றே தெரியவில்லை.

"அந்த முடியைப் பாருங்க அண்ணி. எவ்வளவு சொன்னாலும் சீவ மாட்டாரு." திரையில் அந்த இடத்தை விரலால் தொட்டாள். "நானும் எழுந்து போயிருக்கணும் அண்ணி. போகத்தான் நினைச்சேன், கால் வரல. இப்ப கூப்பிடலாம்னா என்னன்னு சொல்லிக் கூப்பிடுறது?" மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இதையும் எடுத்துடுவீங்களா?"

டீ ஆறுவதற்குள் எடுத்துவிடலாம். லாரியோடு ஒப்பிட்டால் இதெல்லாம் ஒரு வேலையே இல்லை. மருமகள் மவுஸின் மேலிருந்து கையை எடுத்தாள்.

"உங்கப்பாவைக் கூப்பிடு" என்றாள்.

மாமனார் வந்தார். பின்னாலேயே மாமியார். வேடிக்கை என்றால் விடாத புருஷன்காரனும் வந்து சேர்ந்தான். மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"என்னம்மா இது, கருப்பா என் கால்ல?"

"அண்ணனோட நிழல் மாமா."

"ஆளை எடுத்தாச்சுல்ல? நிழலையும் எடுக்க வேண்டியதுதானே?"

தொழிலில் இதுவரை அவள் யாரிடமும் சொல்லாத பொய். "முடியாது மாமா" என்றாள். "நிழல் உங்க ஷூ மேல விழுந்திருக்கு. அதை எடுக்கணும்னா ஷூவும் போகும், காலும் போகும். கீழ வெட்டினா எல்லார் காலும் போகும். அண்ணனை முழுசா எடுத்துட்டா நாம ஒருத்தரும் தரையில நிக்க மாட்டோம்."

"அடப் போ, இதெல்லாம் ஒரு..." என்று ஆரம்பித்தான் புருஷன்காரன். மேசைக்கு அடியில் அவன் காலை அவள் குதிகாலால் ஒரு மிதி மிதித்தாள். "...ஒரு பெரிய வேலைதான்" என்று முடித்துவிட்டு, வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான்.

மாமனார் மருமகளைப் பார்த்தார். அவள் திரையைப் பார்த்தாள். லாரி, லாரி, லாரி என்று அவள் மண்டைக்குள் அடித்துக்கொண்டது. இந்த மனுஷருக்கு இப்போது அது ஞாபகம் வராமல் இருக்க வேண்டுமே!

"முடியாதா?"

"முடியாது மாமா."

"தொழில் தெரிஞ்சவ சொல்றா. முடியாதுன்னா முடியாதுதான்." கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "புது ஷூ. அதை வெட்ட முடியாது." பிறகு மகளிடம் கையை நீட்டினார். "போனைக் குடு."

நாத்தனார் கொடுத்தாள். அந்தப் பக்கம் மணி ஒரு தடவைகூட முழுதாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டார்கள்.

"மாப்பிள்ளையா? அவ இல்ல, நான்தான் பேசுறேன்... ம்... சாப்பிட்டாச்சா?... அந்தப் போட்டோ கெட்டுப்போச்சு... ஆமா, உங்களாலதான். உங்களை விட்டுட்டுப் போட்டுப் பார்த்தோம், வரமாட்டேங்குது... சேச்சே, கோபம் எல்லாம் ஒண்ணுமில்ல. அன்னைக்கு ஏதோ வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். மறுபடி எடுக்கணும், வந்துடுங்க." போனை மகளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இந்தா, நீ பேசு. ரொம்ப நேரம் பேசாத, சார்ஜ் போயிடும்" என்று சொல்லி அறையை விட்டுப் போனார்.

நாத்தனார் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் அழுதாள். அந்தப் பக்கமும் பேச்சைக் காணோம். மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பாடா! என் வயித்துல பாலை வார்த்தீங்க" என்று யாரிடம் என்று இல்லாமல் பொதுவாகச் சொன்னார். மருமகள் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டாள். ஒரு வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல் இறங்கியதும் பசி வந்தது பாருங்கள், அப்படி ஒரு பசி.

மறுபடி படம் எடுக்கப் போவது ஞாயிற்றுக்கிழமைதான். மாப்பிள்ளை அதுவரை பொறுக்கவில்லை. அன்று பொழுது சாய்வதற்குள் வாசலில் நின்றார். அவசரத்தில் குனிய மறந்து நிலையில் மடார் என்று இடித்துக்கொண்டார். "தலை, தலை! பார்த்து!" என்று வீடு மொத்தமும் ஒரே குரலில் கத்தியது. அதோடு மிச்சம் மீதி இருந்த கோபமும் ஓடிப்போனது.

ஞாயிற்றுக்கிழமை அதே புல்வெளி, அதே வெயில். மருமகள் இந்த முறை முன்ஜாக்கிரதையாக இருந்தாள். மாப்பிள்ளையை மாமனார் பக்கத்திலேயே நிறுத்தி ஒரு படம் எடுத்து, கேமராவைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினாள்.

"மாமா முகம் எங்கன்னு கண்டுபிடிங்கண்ணா."

அவர் குனிந்து பார்த்தார். "ஐயையோ! இதுக்காகவா தங்கச்சி என்னை ஓரத்துக்குப் போகச் சொன்ன? அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருக்கணும்ண்ணா. என் தப்புதான்."

"என் தப்பும்தான். போட்டோவுக்கு நிக்கச் சொன்னா, பட்டாபிஷேகத்துக்கு வந்த மாதிரி முறுக்கிக்கிட்டேன்." சிரித்துக்கொண்டே அவராகவே ஓரத்துக்கு நடந்தார்.

அப்போது மாமனார் எழுந்தார். நாற்காலியைத் தூக்கினார். மாப்பிள்ளையையும் தாண்டி, சூரியன் பக்கமாக, கடைசிக் கோடியில் கொண்டுபோய்ப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"மாமா, நீங்க நடுவுல..." என்று பதறினாள் மருமகள்.

"நடுவுல உட்கார்ந்து என்னத்தைக் கண்டேன்? வெட்டுறதா இருந்தா இனி என்னை வெட்டு."

கேமராவில் பார்த்தாள். யார் நிழலும் யார் முகத்திலும் இல்லை. மாமனார் ஷூவில் வெயில் மின்னியது. அன்றே இப்படி உட்கார வைத்திருந்தால் ஒரு பாவமும் நேர்ந்திருக்காது. ஆனால் வீட்டுப் பெரியவரை ஓரமாகப் போய் உட்காருங்கள் என்று சொல்ல எவளுக்குத் துணிச்சல் வரும்?

அவர் சட்டைக் காலர் ஒருபக்கம் மடங்கியிருந்தது. சரிசெய்யப் பக்கத்தில் போனாள். அவர் குரலைத் தாழ்த்தி, ஏரியைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஏம்மா, அந்த லாரிக்கு நிழல் இருந்துச்சா, இல்லையா?"

அவள் கை காலரிலேயே நின்றுவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இருந்துச்சு மாமா."

"அதானே பார்த்தேன்." மீசை லேசாகத் துடித்தது. "எடுத்துடுன்னு வாய் சொல்லிடுச்சு. எங்க நீ முடியும்னு சொல்லிடுவியோன்னு எனக்கு அன்னைக்கு ஈரக்குலை நடுங்கிப்போச்சும்மா. போ, போய் எடு. வெயில் போகுது."