ஏரிக்கரை வழியாகப் போன பிள்ளைகள்

1

இந்தக் கதை என் சொந்த யோசனை இல்லை. ஒரு பத்திரிகைக்காரர், “ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம், தொண்ணூத்தொண்ணு, ஒரு சாவு. எழுதிக் கொடுங்க சார்” என்றார். அவர் கேட்டது நாடே அழுத சாவை. நான் எழுதப்போவது அதே வருஷம் ஆவணியில், வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில், எங்கள் தெரு மட்டும் அழுத இன்னொன்றை. திருப்பி அனுப்பிவிடுவார். பரவாயில்லை, எனக்குப் பழக்கம்தான்.

2

முதல் தொடக்கம்: ‘மலரும் முன்னே ஒரு மொட்டு—’

(வேண்டாம். செத்த பிள்ளையை மொட்டு என்று எழுதுகிறவன் கையை உடைக்க வேண்டும். அன்று அது என் கைதான். பதினாறு வரிக் கவிதையை எதிர்வீட்டு முனியம்மாளிடம் காட்டினேன். “இத்த வச்சிக்கினு பெத்தவ இன்னா பண்ணுவா? போய் ரெண்டு கொடம் தண்ணி புடிச்சாந்து அவ வூட்ல வை” என்றாள்.)

இரண்டாவது தொடக்கம்: பகலவனுக்கும் காந்திமதிக்கும் ஒரே மகள் எழிலரசி. ஆறு வயது. மூளைக் காய்ச்சலில் மூன்றே நாளில் போய்விட்டாள்.

இந்த வாக்கியங்களில் சேர்க்க என்னிடம் ஒன்றும் இல்லை.

3

அந்த நாட்களில் தெருவை நடத்தியவள் முனியம்மாள்தான். காந்திமதிக்கு எந்த வீட்டிலிருந்து எந்த வேளைச் சோறு என்று அவளே பிரித்தாள். பகலவன் வீட்டுக்கு வரப் பயந்துகொண்டு கம்பெனியிலேயே ஓ.டி. மேல் ஓ.டி. பார்த்தபோது, தண்டலம் வரை பஸ் ஏறிப் போய், கம்பெனி கேட்டில் நின்று கூட்டிவந்தாள்.

காலை எட்டரைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகும்போதெல்லாம் காந்திமதி வாசலுக்கு வந்து நிற்பாள். அதைப் பார்த்துவிட்டு முனியம்மாள் தெருவுக்குச் சொன்னாள்: “பாத்துப் பாத்து வெந்து போறா. நாளைலேர்ந்து பசங்க ஏரிக்கரை வழியா போவட்டும்.”

தெரு அவள் சொன்னபடி கேட்டது. பிள்ளைகள் சேற்றில் இறங்கிப் போனார்கள்.

(இந்த இடத்தில் முனியம்மாளைத் தெய்வமாக்கி அரைப் பக்கம் எழுதினேன். அடித்துவிட்டேன். அவள் செய்தது தப்பு.)

4

ஐந்தாம் நாள் காந்திமதி தெருவைத் தாண்டி முனியம்மாள் வீட்டுக்கு வந்தாள்.

“யக்கா, பசங்க ஏன் இந்தப் பக்கம் வர்றதில்ல? எங்கண்ணு பட்ரும்னா?”

‘அந்தக் கேள்வி ஈட்டியாய்—’ இல்லை. முனியம்மாள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அவ்வளவுதான் நடந்தது.

“ஐயோ, இன்னாடி பேச்சு இது! ஒனக்குக் கஷ்டமா இருக்கும்னுதாண்டி...”

“அந்த சத்தத்தயாச்சும் கேட்டுக்கினு கெடந்தேன்க்கா. அத்தயும் எடுத்துக்கினு பூட்டீங்க.”

அன்று சாயங்காலம் முனியம்மாள் வீடு வீடாக ஏறி, “நாந்தான் புத்தி கெட்டுப்போய் சொல்லிட்டேன்” என்று சொல்லிவிட்டு வந்தாள். வேறு யார் மீதும் அவள் பழி போடவில்லை.

5

மறுநாள் காலையில் தன் மகள் பிரவீனாவைத் தலைவிரி கோலமாக இழுத்துப்போய்க் காந்திமதியின் வாசல்படியில் உட்காரவைத்தாள். “எனக்குக் கை சுளுக்கிக்கிச்சி. கொஞ்சம் பின்னி வுடு.” கை சுளுக்கவே இல்லை.

முடிவு அ: காந்திமதி குழந்தையைக் கட்டிக்கொண்டு கதறுகிறாள். (பத்திரிகைக்காரருக்குப் பிடிக்கும்.)

முடிவு ஆ: கதவைச் சாத்திக்கொள்கிறாள். (விமர்சகர்களுக்குப் பிடிக்கும்.)

நடந்தது: உள்ளே போய்ச் சீப்பு எடுத்துவந்தாள். அப்புறம் உட்கார்ந்து வகிடு எடுத்தாள். எடுத்தவள் நிறுத்தினாள்.

“இன்னாக்கா இது, தல பூரா பேனு! புள்ள வளக்கிறியா, பேன் வளக்கிறியா?”

திட்டு வாங்கி முனியம்மாள் அப்படிச் சந்தோஷப்பட்டதே இல்லை. பிரவீனா “வலிக்குது சித்தி” என்று அலற அலற, காந்திமதி பேன்சீப்பு போட்டு வாரி, இறுக்கிப் பின்னி, ரிப்பன் கட்டினாள். பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டினார்கள். பிரவீனாவும் கூட ஓடினாள்.

தெரு முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்த காந்திமதி, சீப்போடு உள்ளே போய்க் கதவை ஒருக்களித்தாள்.

உள்ளே என்ன நடந்தது என்று எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. வேண்டுமானால் நீங்கள் போய்ப் பார்த்து முடித்துக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று: படியை அடைத்துக்கொண்டு முனியம்மாள் உட்கார்ந்திருக்கிறாள். அவளைக் கேட்டுவிட்டுத்தான் நீங்கள் உள்ளே போக வேண்டும்.